வால் முன்விளிம்பில் ஒரு வளைவு

முதல் உலகப் போர்க் கால ஜெர்மானிய மூவடுக்கு விமானத்தின் படம் எங்கே வெளிவந்தாலும், கீழே ‘ரிக்தோஃபனின் சிவப்பு விமானம்’ என்று, புகழ்பெற்ற ஜெர்மானியப் போர் விமானியின் பெயரை எழுதிவிடுகிறார்கள். நேற்றும் அப்படி ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம் அது. சிவப்பை எதில் கண்டார்கள்? அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஃபிலிம் சிவப்பொளியை உணராது. சிவப்பு கறுப்பாகவே பதியும். மஞ்சளும் கருமை தட்டும், நீலம் வெளுத்துப்போகும். நிறத்தை வைத்து அந்த விமானங்களுக்குப் பெயர் சூட்டுவது தவறு என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பார்க்க வேண்டிய இடம் வால். கிடைமட்ட வால் இறக்கையின் முன்விளிம்பில் ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். விளிம்பு கோலோடு ஒட்டிப் போனால் அது ஃபோக்கர் மூவடுக்கின் தொடர் உற்பத்தி வடிவமான டிஆர்.1. நடுவில் லேசாகப் புடைத்து, இருபுறமும் கோலை விட்டு விலகினால் அது அதற்கு முந்திய வடிவமான எஃப்.1. படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. மேலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்த படம் வேண்டும்.

ஜெர்மனியின் ஷ்வெரினில் இருந்த ஃபோக்கர் தொழிற்சாலையின் முதல் மூவடுக்கு முன்மாதிரியான வி.4-இல் இறக்கைகளை இணைக்கும் வெளித் தாங்குகட்டைகளே இல்லை. பறக்கும்போது இறக்கைகள் நெளிந்ததால்தான் பிறகு கட்டை பொருத்தினார்கள். ஆகவே, கட்டை இல்லாத மூவடுக்கு ஃபோக்கரைக் கண்டால் முன்மாதிரி என்று தயங்காமல் சொல்லலாம். எஃப்.1 என்ற பெயரோடு போர்முனைக்குப் போனவை இரண்டே இரண்டு. அவற்றின் வரிசை எண்கள் 102/17, 103/17. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது 1917 என்ற ஆண்டு.

1917 ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் பெல்ஜியத்தின் கூர்ட்ரே பகுதிக்கு வந்து சேர்ந்தன. செப்டம்பர் 1 அன்று 102/17-இல் பறந்த ரிக்தோஃபன் தமது 60-ஆவது வெற்றியைப் பெற்றார். எதிரி விமானத்தின் பின்னிருக்கை வீரர் துப்பாக்கியைத் தொடாமல் எழுந்து நின்றாராம்; தம் விமானத்தை ஆங்கிலேயரின் மூவடுக்கு விமானம் என்று அந்த வீரர் எண்ணியிருக்க வேண்டும் என ரிக்தோஃபன் அறிக்கையில் எழுதினார். அடையாளம் தவறியது அன்று உயிர்போகும் காரியம். அதே 102/17-இல் பறந்த ஜெர்மானிய விமானி குர்ட் வோல்ஃப் செப்டம்பர் 15 அன்று மாண்டார். 23 அன்று 103/17-இல் இன்னொரு ஜெர்மானிய விமானி வெர்னர் ஃபோஸ், பிரிட்டிஷ் 56-ஆவது படைப்பிரிவின் எஸ்.ஈ.5 விமானங்களை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்று வீழ்ந்தார். வயது 20.

போர்முனையில் எஃப்.1 வாழ்ந்தது நான்கு வாரம்கூட இல்லை. வாலின் அந்தச் சிறு வளைவைப் பார்த்துவிட்டால், களத்தில் எடுத்த படத்தின் தேதி அந்த நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. விமானம் இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. இதை மயிர் பிளக்கும் வாதம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டிஆர்.1-இல் நிலைமை வேறு. அக்டோபர் இறுதியில் விமானிகள் கோன்டர்மனும் பாஸ்டரும் அடுத்தடுத்து மேல் இறக்கை சிதைந்து விழுந்து இறந்தார்கள். விமானங்களைத் தரையில் நிறுத்தி ஆராய்ந்தபோது வேலையின் தரக்குறைவும் ஈரம் புகுந்த சேதமும் தெரியவந்தன. இறக்கையின் உட்புறத்துக்கு வார்னிஷ் பூசினார்கள், இணைப்புகளை வலுப்படுத்தினார்கள். இவையெல்லாம் துணிக்கு அடியில் நடந்தவை, படத்தில் தெரியாது. அங்கே உடற்பகுதியின் பக்கத்தில் எழுதிய எண்தான் துணை. அதனால்தான் அந்த எண் விழுந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் படம் போடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. கட்டிய சுமார் 320 விமானங்களில் முழுதாக ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த 152/17-உம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. படங்கள்தாம் மிச்சம்.

நேற்றைய படத்தை அச்சிட்டு அடிக்கோலை வைத்தேன். விளிம்பு இருபுறமும் விலகியது. எஞ்சின் மூடியில் இரண்டு கண்களும் ஒரு மீசையும் தீட்டியிருந்தன. அது ஃபோஸின் 103/17. படத்தின் கீழே அவர் பெயரை எழுதுங்கள்.