பையை எங்கே வைப்பது?

மார்கழி பிறந்துவிட்டால் சேலத்து முகநூல் பக்கங்களில் போர்வை கொடுக்கும் படங்கள் வரத் தொடங்கிவிடும். பழைய பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், ஆஸ்பத்திரி வாசல் என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் காரில் வந்து, தூங்குகிறவரை எழுப்பிக் கையில் போர்வையைக் கொடுத்து ஒரு போட்டோ. கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அப்படிக் கிடைத்த போர்வையில் நானும் தூங்கியிருக்கிறேன். ஆனால் விடிந்ததும் அந்தப் போர்வை என்ன ஆகிறது என்று யாராவது வந்து பார்த்திருக்கிறார்களா? கடைக்காரர் ஷட்டரைத் தூக்க வருவதற்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அவ்வளவு கனத்தை நாள் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு வேலை தேட முடியாது. சந்தில் எங்கேயாவது சொருகி வைத்தால் குப்பை வண்டியில் போய்விடும். "வாங்கி வித்துக் குடிச்சிருப்பான்" என்று கீழே கமெண்ட் வரும். விற்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைக்கிற வேலை பார்த்தவன். ராத்திரி பட்டறையிலேயே படுத்துக்கொள்வேன், தனியாக வாடகை கிடையாது. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பட்டறையை மூடினார்கள். வேலை போன அன்றைக்கே படுக்கிற இடமும் போனது. அக்கா ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறார். "வந்துரு சாமி, இருக்கறதச் சாப்பிட்டுக்கலாம்" என்று போனில் அழுதார். ஒரே அறை, அதில் நாலு பேர். அதுவும் எஸ்டேட் கொடுத்த வீடு, மாமா வேலையை விட்டால் அவர்களும் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். நான் போகவில்லை.

சேலத்தில் சோற்றுக்கு அப்படியொன்றும் பஞ்சமில்லை. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மதியம் கோயில் அன்னதானம் இருக்கிறது. ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு மாரியம்மன், தெருவுக்குத் தெரு கூழ். அந்த மாதத்தில் இந்த ஊரில் பட்டினி கிடப்பதுதான் கஷ்டம்! ஆனால் வயிறு நிறைந்த பிறகும் ஒரு நாளில் இருபது மணி நேரம் மிச்சம் இருக்கிறதே, அதை எங்கே கழிப்பது?

கொஞ்சத்தில் வாழக் கற்றுக்கொண்டேன் என்பது உண்மை. ஒரு லுங்கி போர்வையாகும், மறைப்பாகும், முடிச்சுப் போட்டால் பையாகும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர்தான் பாய். தரை ஈரம் ஏறாது, மே மாதம் சிமெண்டுத் தரை நடுராத்திரி வரை கக்குகிற சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். யார் யாருடைய காதணி விழாவின் மேலெல்லாமோ படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஆதாரும் ரேஷன் கார்டும் இரண்டு பாலிதீன் உறைக்குள், சட்டைக்கு உள்ளே. சார்ஜர். வேலை கேட்டுப் போவதற்கென்று மடிப்புக் கலையாமல் ஒரு சட்டை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது.

இதைத்தான் இப்போது மினிமலிசம் என்று யூடியூபில் சொல்லித் தருகிறார்கள். அலமாரியைக் காலி செய்துவிட்டு மனசு லேசாகிவிட்டது என்கிறார்கள். சந்தோஷம். அவர்கள் தூக்கிக் கொடுத்த சட்டை நாளைக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்வார்கள், மாட்டி வைக்க அலமாரியும் அங்கேயே இருக்கும். நான் விட்டதெல்லாம் தோள் வலித்ததால் விட்டது. அம்மா போட்டோவை ஃபிரேமிலிருந்து உருவிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்த அன்று எனக்கு மனசு லேசாகவில்லை.

இன்னொன்று, வீடில்லாமல் இருப்பது செலவு. கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, போன் சார்ஜ் ஏற்றக் காசு, கொஞ்ச நேரம் உட்கார ஒரு டீ. ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், அதுவும் இரண்டு மணி நேரம்தான். அடுப்பு இல்லாததால் அரிசி வாங்கி வைக்க முடியாது, அன்றன்றைக்கு விலை கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். இப்படிச் சில்லறையாகக் கரைவதை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு சின்ன அறையின் வாடகை பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் அட்வான்ஸ் மொத்தமாக வேண்டுமே. தனி ஆள் என்றால் வீடும் தரமாட்டார்கள்.

வேலைக்கு வருவோம். கொலுசு வேலையில் வெள்ளியை எடை போட்டுக் கையில் கொடுப்பார்கள், திரும்ப எடை போட்டு வாங்குவார்கள். தெரியாத ஆளை நம்பிக் கொடுக்கிற சமாச்சாரமில்லை. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் என்று எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது தோளில் தொங்கும் மூட்டைதான். "எங்கப்பா தங்கியிருக்க?" என்பார்கள். அந்தக் கேள்வியோடு முடிந்தது. லீ பஜாரில் சுமை தூக்கக் கேட்டால்கூட, தூக்குகிற நேரத்தில் என் மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? ரயில்வே பொருள் காப்பறையில் வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்குப் பயண டிக்கெட் வேண்டும், பையில் பூட்டும் இருக்க வேண்டும்.

பெண்கள் பாடு இதைவிட மோசம். பூ மார்க்கெட் பக்கம் ஒரு பாட்டி பழக்கம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். "படுத்தா மானம் போயிரும் தம்பி, பகல்ல பஸ்ஸுல தூங்கிக்கறேன்" என்பார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லையல்லவா, ஜங்ஷனுக்கும் அம்மாபேட்டைக்குமாக மடியில் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே போய்வருவார். தெரிந்த கண்டக்டர்கள் எழுப்பமாட்டார்களாம். அந்தத் திட்டத்தைப் பற்றி டிவியில் எவ்வளவோ விவாதம் பார்த்தேன், இப்படி ஒரு பயன் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டமும் அதையே விதியாக வைத்தது. லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இல்லம், ஆளுக்கு 50 சதுர அடி. சேலம் மாநகராட்சியில் 2011 கணக்குப்படியே எட்டு லட்சத்துக்கு மேல் ஜனம். எத்தனை இல்லம் வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதே 2011-ல் வீடில்லாதவர்களை பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி ஒரே நாளில் எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்று வந்தது. நான் அதை நம்பவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் ஈரோட்டு வண்டிக்குக் காத்திருப்பவன் மாதிரி சட்டையைச் சரி செய்துகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிற ஆளை யார் எண்ணுவார்கள்? அப்படித் தெரியாமல் இருப்பதுதானே அவனுடைய முழு முயற்சியும்.

என் நிலைமை மாறியது ஒரு டூவீலர் ஸ்டாண்டில். அங்கே டோக்கன் போடுகிற அண்ணன், தினமும் என்னைப் பார்த்துப் பார்த்து, "பைய உள்ள வெச்சுட்டுப் போ, சாயங்காலம் எடுத்துக்க" என்றார். அப்புறம்தான் கைவீசிக்கொண்டு வேலை கேட்டுப் போனேன். கிடைத்தது. பட்டறை வேலை இல்லை, மண்டியில் மூட்டை தூக்குகிற வேலைதான், ஆனால் கிடைத்தது. இப்போது கொண்டலாம்பட்டி பக்கம் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு ஷீட் போட்ட அறை.

ஒரு ஸ்கூட்டரை ராத்திரி முழுக்கப் பத்திரமாக விட்டுவைக்க இந்த ஊரில் இத்தனை இடம் இருக்கிறது. டோக்கன் உண்டு, கூரை உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டை ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள், கட்டிடம் நன்றாகவே இருக்கிறது. அங்கேயும் புது பஸ் ஸ்டாண்டிலும் டிக்கெட் கேட்காத, பூட்டுப் போட்ட பெட்டிகள் ஒரு வரிசை வைத்தால் போதும். தினம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும், நாங்கள் கொடுப்போம். பக்கத்திலேயே குளிக்க ஓர் இடம். புதிதாக நிலம் வாங்க வேண்டியதில்லை, பட்ஜெட்டில் பெரிய ஓட்டையும் விழாது.

போர்வை கொடுக்கிற குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால், இந்த வருஷம் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதையும் ஒரு மனுவாகக் கொடுங்கள். எழுதித் தர நான் தயார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இல்லை, எங்கே வர வேண்டும் என்று மட்டும் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.