அங்கன்வாடி வாசலில் நிற்கும் பெற்றோரை உள்ளே கூப்பிடுங்கள்

"இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் அங்கன்வாடிப் பிள்ளை "விளையாண்டேன்" என்கிறது. பக்கத்து வீட்டு எல்கேஜி பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதிக் காட்டுகிறது. அவ்வளவுதான், அடுத்த ஜூனில் கடனை வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் விட்டுவிட்டு வாசலிலேயே கூட்டிப்போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? மாதம் ஒருமுறை கூட்டம் போட்டு விளக்குவதால் இது மாறாது. உள்ளே உட்காரவைத்துக் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால்தான் மாறும்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, சத்துணவு, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் ஆறு சேவைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதத்துக்கொரு தலைப்போடு பாடத்திட்டமே இருக்கிறது. ஆனால் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர்தான். உதவியாளர் அடுப்படிக்குப் போய்விட்டால் இருபது பிள்ளைகளோடு டீச்சர் ஒருவரே. எடை பார்க்க வேண்டும், செல்போன் செயலியில் பதிவேற்ற வேண்டும். தனி ஆளாய் இருப்பவர் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? மூலைக்கொரு விளையாட்டு வைக்கக் கூடுதலாக இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

இருபது பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம், நாற்பது நிமிடம். பத்து வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார், அப்பா கொத்து வேலையில் இருப்பார். பாட்டியையோ தாத்தாவையோ கூப்பிடுங்கள். நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து பாட்டிகள்தான்.

பாட்டியிடம் ஐந்து புளியங்கொட்டையைக் கொடுத்துப் பாருங்கள். தாயம் ஆடிய கை, சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் துளி தண்ணீர் விட்டு ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்த்துவிடுவார். (தண்ணீர் விடாமல் தேய்த்தால் கொட்டை சுடும். பெரிய பிள்ளைகள் அதைச் சின்னதுகளின் கையில் வைத்துச் சூடு போடும், கவனம்.) பிள்ளை ஐந்தையும் குலுக்கிப் போடும். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அடுத்த முறை நான்கும் ஒன்றும். முதலில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிற பிள்ளை, நாளாக ஆகத் தொடாமலேயே "மூணு வெள்ளை" என்று பார்த்ததும் சொல்லும். ஐந்தை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பது அதன் கண்ணுக்கே பழகிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில் கூட்டலும் கழித்தலும் நிற்கப்போவது இதன்மேல்தான். எண்களை வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளையிடம் நான்கு கொட்டையை எடுத்துத் தரச் சொன்னால் பல நேரம் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்த பாட்டி வீட்டில் போய்ச் சொல்வதற்கு எந்தக் கூட்டப் பேச்சும் ஈடாகாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கொட்டை கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும், மூக்கிலும் திணித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை.

எழுத்துக்கு வருவோம். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு; மூன்று வயதில் இரண்டு மூன்றுதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து இழுத்து எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஈரத்துணி பிழிவதும் மாவு பிசைவதும் அதே விரல்களுக்கான பயிற்சிதான். மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், எண்ணெய் இரண்டு ஸ்பூன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஏறக்குறைய ஒரு கப் பிடிக்கும். உப்பைக் குறைத்தால் மறுநாளே புளித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுத்துக் கையில் ஒட்டும். இன்னொரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு போதும். மஞ்சள்தூள் போட்டால் சட்டைக் கறை போகாது, மறுநாள் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

வாடகைக் கட்டடத்தில் முற்றம் இருக்காது. இரண்டு அன்னக்கூடை போதும், ஒன்றில் சலித்த ஆற்று மணல், ஒன்றில் நான்கு விரல் உயரத் தண்ணீர். எம்-சாண்ட் வேண்டாம், கூர்மையாகக் குத்தும், தூசி பறக்கும். மணலை இரவில் மூடாவிட்டால் பூனை அதைக் கழிப்பிடமாக்கிவிடும், பிள்ளைக்குப் புழுத்தொற்று வரும். தண்ணீர்க் கூடை பக்கத்தில் பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள், தேங்கினால் டெங்குக் கொசு.

வந்த பெற்றோர் சும்மா இருக்க மாட்டார்கள், அங்கேதான் பலமுறை கெடுகிறது. தன் பிள்ளை தடுமாறினால் கையைப் பிடித்துத் தானே செய்துவிடுவார் அம்மா. "பாரு, அவன் எவ்ளோ நல்லா செய்றான்" என்று ஒப்பிடவும் தொடங்குவார். அதனால் முதல் இரண்டு முறை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு உட்காரவையுங்கள். உதவ நீளும் கையை மனசுக்குள் பத்து எண்ணும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்காமல், "சிரட்டை நிறைய மணல் அள்ளிட்டியே, அடுத்து என்ன செய்யப்போற?" என்று பேசினால் பிள்ளை வாய் திறக்கும். அப்பாக்களுக்குப் பேச்சைவிட வேலை சரிப்படும்: பழைய டயரைக் கழுவி, கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஒதுக்கி, பாதி புதைத்துக் கொடுக்கட்டும்.

பெற்றோர் வருகிறார்கள் என்று காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதை ஏற்கவே முடியாது. இன்னொன்று, அரசு தரும் விளையாட்டுப் பெட்டி பல இடங்களில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். மூன்று வயதுப் பிள்ளை விளையாடினால் பொம்மை உடையத்தான் செய்யும். ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்று எழுதித் தள்ளிக்கொள்ள டீச்சருக்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுங்கள். பூட்டு தானாகத் திறக்கும்.