பழங்குடித் தொழில்முனைவோரும் நம் வினாத்தாளும்

பழங்குடியினர் நடத்தும் தொழில்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அவர்களிடம் இடர் ஏற்கும் மனமும் சாதிக்கும் வேட்கையும் குறைவு என்று தொடங்கி, ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் முடிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த முடிவுக்குப் பெரும்பாலும் காரணம், தொழில்முனைவோரின் குணங்களை அளக்க ஆய்வாளர்கள் நீட்டும் வினாத்தாள் என்பதே என் கருத்து.

நீலகிரியில் குறும்பர்கள் மலைத்தேன் எடுக்கும் முறையைப் பாருங்கள். செங்குத்துப் பாறையில் கொடியேணியைப் பற்றி இறங்குபவருக்கு மேலே காவலிருப்பவர் மச்சான். உடன்பிறந்தவள் கைம்பெண்ணாவதை அவர் பொறுக்கமாட்டார் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இடரை ஏற்பதும், அதைக் குறைக்க வழி செய்வதும், நம்பத்தக்க கூட்டாளியைத் தேர்வதும் இதைவிட வேறென்ன? வங்கி மேலாளர் இதற்கு மதிப்பெண் போடமாட்டார் என்பது வேறு விஷயம்.

இருளர்களின் கதை இன்னும் கூர்மையானது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வணிகம் முடங்கியபோது, அதே பாம்பு பிடிக்கும் திறமையைப் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்செடுக்கும் தொழிலாக மாற்றி, பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் சென்னைக்கு அருகே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன் போன்றவற்றைப் பிடித்து, நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்நிலையில் ஒருவரிடம் ‘உங்கள் வெற்றி உங்கள் கையில்தான் இருக்கிறதா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற நேர்மையான பதிலைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று பதிவு செய்வது அநியாயம்.

சாதிக்கும் வேட்கையைக் கற்பிக்க முடியும் என்று 1960-களில் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்வோருக்குப் பயிற்சியளித்துப் பார்த்தவர் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட். பயிற்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் பல மாநிலங்களில் பழங்குடி நிலத்தைப் பழங்குடியினர் அல்லாதவருக்கு விற்க முடியாது. நிலத்தைக் காக்கும் அந்த விதியே அடமானத்துக்குத் தடையாகவும் நிற்கும்போது, பயிற்சி பெற்றவர் எதை வைத்துக் கடன் கேட்பார்?

குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கணக்கு எழுதும் பழக்கம் பலரிடம் இல்லை. உறவுக்காரர் கடனுக்குப் பொருள் கேட்டால் மறுக்கவும் முடிவதில்லை. பகிர்ந்துண்ணும் அறம் தனி ஒருவரின் கடையைக் கரைத்துவிடும். கோத்தகிரியில் 2013-இல் தொடங்கிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் போல, பழங்குடியினரே பங்குதாரர்களாகத் தேனையும் விளைபொருளையும் சேர்த்து விற்கும்போது, அந்தப் பாரம் ஒருவர் தலையில் விழுவதில்லை. தனிமனிதக் குணங்களை மட்டும் அளக்கும் வினாத்தாளில் இதற்கு இடமேயில்லை. அடுத்த முறை அச்சிடுபவர்கள், கடன் எத்தனை முறை மறுக்கப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள் என்ற இரண்டு கேள்விகளையாவது சேர்க்கட்டும்.