மலை எரியுது சரி, எந்த வளைவில்?

ஏற்காடு மலையில் தீப்பிடித்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். "மலை எரியுது" என்று ஒரு வரி, அழுகிற எமோஜி, கை ஆட ஆட எடுத்த வீடியோ. கீழே சேலத்தில் கன்னங்குறிச்சியிலிருந்து ஒருவர், கோரிமேட்டிலிருந்து ஒருவர், அஸ்தம்பட்டி மொட்டை மாடியிலிருந்து இன்னொருவர். பிப்ரவரியில் இலை உதிர்ந்து புல் காய ஆரம்பித்தால் வருடா வருடம் இதே கதை. கீழே கமெண்டுகளும் மாறுவதில்லை: ட்ரோன் விடலாமே, ஏஐ கேமரா வைக்கலாமே, சாட்டிலைட் என்ன ஆச்சு?

சாட்டிலைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே செயற்கைக்கோள் தரவை வைத்துக் காட்டுத்தீயைக் கண்டுபிடித்து மாநில வனத்துறைகளுக்குச் சொல்லி வருகிறது. அதன் தளத்தில் பதிவு செய்துகொண்டால் உங்கள் போனுக்கும் எனக்கும்கூட எச்சரிக்கை வரும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எல்லை தெரிய வேண்டும். இப்போது பெரிதும் நம்பப்படும் வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் உணரியின் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர், கிட்டத்தட்ட 35 ஏக்கர். நன்றாகக் கனன்றால் அதைவிடச் சின்னத் தீயும் மாட்டும். அந்த 35 ஏக்கருக்குள் எந்த மூலை என்று மட்டும் சொல்லாது. அப்புறம் நேரம். இந்த உணரியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை வாக்கிலும்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வளைவு ஓரம் உட்கார்ந்து குடித்துவிட்டு, கோழி வாட்டிய அடுப்பை அணைக்காமல் ஒரு கும்பல் கிளம்பிப் போனால், அந்தத் தீ சாட்டிலைட் கண்ணில் பட விடிகாலை நெருங்கிவிடும். மேலே அசையாமல் நின்றபடி அரை மணிக்கொரு முறை பார்க்கும் இன்சாட் வகைக் கோள்களும் உண்டு. அவற்றுக்கு ஒரு புள்ளியே நாலு கிலோமீட்டர்.

அதற்குள் மலையில் என்ன நடக்கும்? சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லைக் காய்ச்சிக்கொண்டே ஏறுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மாட்டிய மலையேற்றக் குழுவினர் இப்படிப்பட்ட சரிவில்தான் மாட்டினார்கள். 23 உயிர் போனது. ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவும் முள்ளும் மூங்கிலும் உண்ணிச்செடியும் மண்டிய வறண்ட காடுதான். மேலே காபித் தோட்டத்தின் பச்சையைப் பார்த்துப் பழகியதால் அது நமக்கு உறைப்பதில்லை.

என் கட்சி இதுதான். இவ்வளவு பெரிய ஊரின் மாடிகளுக்கு நேர் எதிரே நிற்கிற மலை இது. அதன் தெற்குச் சரிவைப் பொறுத்தவரை, தீயைச் சீக்கிரம் பார்ப்பதில் நமக்குப் பெரிய பஞ்சம் இல்லை. பார்த்தது போய்ச் சேருவதில்தான் பஞ்சம். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ஒரு ராத்திரி பொறுப்பாக ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சார், ஏற்காடு மலை எரியுது."

"எந்த இடம்ங்க?"

"எங்க வீட்டுக்கு நேரா சார்."

"உங்க வீடு எங்கங்க?"

கடைசியில் "அது எங்க லிமிட்ல வராதுங்க" என்று இன்னொரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் கோபப்பட்டுப் பயனில்லை. மலை பல வனச்சரகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. போன் எடுப்பவருக்கும் இடம் தெரியாமல் ஆளை எங்கே அனுப்புவது?

இதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த ஆஸ்போர்ன் என்பவர் 1910களில் காவல் கோபுரங்களுக்காக ஒரு கருவி செய்தார். வட்ட வரைபடம், அதன் மேல் சுழலும் குறிபார்க்கும் சட்டம், அவ்வளவுதான். ஒரு கோபுரத்துக்காரர் புகை தெரியும் திசையை டிகிரியில் சொல்வார், இன்னொரு கோபுரத்துக்காரர் தன் திசையைச் சொல்வார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. இன்றைக்கு ஸ்டேட்டஸ் போடும் போனிலேயே திசைகாட்டி இருக்கிறது. மூக்கனேரிப் பக்கமிருந்து ஒரு டிகிரி, செட்டிச்சாவடிப் பக்கமிருந்து ஒரு டிகிரி, இருவரின் லொகேஷன். இவ்வளவு கிடைத்தால் வரைபடத்தில் கோடு போட யாராலும் முடியும். மாவட்டத்துக்கு ஒரே எண், அதை இரவிலும் எடுக்க ஓர் ஆள், இந்த விவரங்களைக் கேட்டு வாங்கும் பழக்கம். இதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல கேமரா விலைகூட இருக்காது.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலைக் கேமராக்கள் இருக்கின்றன. 2023 முதல் அவற்றின் படங்களில் புகையைத் தேடும் வேலையைக் கணினி செய்கிறது. அங்கேயும் அது புகைதானா, தூசியா, மூடுபனியா என்று முடிவு செய்வது திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் மனிதர். இங்கே வைப்பதானால், ஊருக்கே தெரிகிற தெற்குச் சரிவில் வைக்காமல், யார் மாடியிலிருந்தும் தெரியாத வடக்குச் சரிவில் வையுங்கள்.

தகவல் வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும் மலை ஏறப்போவது யார்? தீக்காலத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீக்காவலர்கள், பெரும்பாலும் மலைக்கிராமத்து ஆட்கள். சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. பச்சைத் தழையை ஒடித்து, தீயின் ஓரத்தை அடித்து அடித்து உள்பக்கம் தள்ளுகிறார்கள். மூங்கில் புதருக்குள் தீ நுழைந்துவிட்டால் கணு வெடிக்கிற சத்தம் வெடிச்சரம் மாதிரி கேட்கும். அணைத்துவிட்டோம் என்று இறங்கிய பிறகும் அடிக்கட்டை கனன்று மறுபடி பிடிக்கும். ஆகவே ஒருத்தர் ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார வேண்டும். அவருக்கு வருடம் முழுக்கச் சம்பளம், நல்ல பூட்ஸ், சிக்னல் இல்லாத இடத்திலும் பேச ஒரு வாக்கிடாக்கி எல்லாம் வேண்டும். ஏஐ பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தச் செலவு ஏனோ பேச்சுக்கே வருவதில்லை.

அடுத்த தீக்காலத்துக்குள் அரசு எதையும் செய்யாது என்று வைத்துக்கொண்டு ஒரு யோசனை. மலை தெரியும் மாடி உள்ளவர்கள் ஒரு தெளிவான காலை நேரத்தில் மலையை அகலவாக்கில் படம் எடுங்கள். மலைப்பாதை போகும் கோடு, கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு அடையாளம் தெரிந்தவை, பாறை, டவர் எல்லாவற்றையும் அதன் மேல் எழுதி வையுங்கள். ராத்திரி தீ தெரிந்தால் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டையும் லொகேஷனோடு உங்கள் பக்கத்து வனக்காப்பாளருக்கு அனுப்பிவிட்டு, போனும் பண்ணுங்கள். அவர் எண் இல்லையென்றால் தீயணைப்புத் துறையின் 101. ஸ்டேட்டஸ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.