முதலில் எதை வெளியே எடுப்பது?

2004 செப்டம்பர் 2 அன்று ஜெர்மனியின் வைமர் நகரில் அன்னா அமாலியா நூலகம் தீப்பற்றியது. 2018-இல் அதே செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. இவ்விரண்டையும் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் எதை முதலில் வெளியே எடுப்பது, யார் எடுப்பது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அமைதியான நாளொன்றில் உட்கார்ந்து எழுதி வைப்பதே ஒரு பண்பாட்டு நிறுவனம் செய்ய வேண்டிய முதல் வேலை. கருவிகள் அதற்கு அடுத்தபடிதான்.

ரியோவில் நிதி ஒதுக்கப்படாமல் இல்லை, தாமதமாக ஒதுக்கப்பட்டது. தீத்தடுப்பு வசதிகளையும் உள்ளடக்கிய நிதி ஒப்பந்தம் 2018 ஜூனில்தான் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வருமுன்பே அரங்கிலிருந்த குளிர்சாதனக் கருவியில் பிறந்த தீ கட்டடத்தையே விழுங்கிவிட்டது. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர் இல்லாததால் வண்டிகளில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் இருந்த இடம் அது. பேசுவோர் எவரும் மிஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அங்கே அழிந்தன என்பதை என்னால் இன்றும் ஆறுதலாக நினைக்க முடியவில்லை. ஆனால் அன்றிரவு உள்ளே ஓடிய சில ஆய்வாளர்கள் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் மூலமாதிரிகளை, அதாவது ஓர் உயிரினத்துக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டப்பட்டபோது சான்றாக வைக்கப்பட்ட கூடுகளை, தேடி எடுத்து வந்தார்கள். எந்த அலமாரியில் ஈடுசெய்ய முடியாதது இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஓரிருவர் மனத்தில் மட்டும் இருந்தால், அவர்கள் விடுப்பில் இருக்கும் நாளில் என்ன ஆகும்?

வைமரில் கைமாற்றிக் கைமாற்றி ஆயிரக்கணக்கான நூல்களை வெளியே கொண்டுவந்தார்கள்; மார்ட்டின் லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த பைபிளின் 1534-ஆம் ஆண்டுப் பதிப்பும் தப்பியது. ஆயினும் 50,000 நூல்கள் சாம்பலாயின. மேலும் 62,000 நூல்கள் தீயாலும் அதை அணைக்க ஊற்றிய நீராலும் பெருஞ்சேதம் அடைந்தன. தீ அணைந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. நனைந்த தாளில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆர்ட் பேப்பரில் அச்சான நூல் அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பலகைபோல் ஆகிவிடும். பதற்றத்தில் நாம் உடனே விரித்து வெயிலில் வைக்கத்தான் பார்ப்போம். அது தவறு. ஈர நூலைத் திறக்காமல், முதுகு கீழே இருக்கும்படி பெட்டியில் நெருக்காமல் அடுக்கி, உறையவைக்க வேண்டும். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக ஆற அமரச் சீர்செய்யலாம். வைமர் நூல்கள் லைப்சிக் நகரில் உறையவைத்து உலர்த்தப்பட்டன. 2002-இல் செக் குடியரசின் தலைநகரான பிராகாவில் வந்த வெள்ளத்தில் நனைந்த நூல்களுக்கு உணவுப்பொருள் உறைகிடங்குகள் இடம் கொடுத்தன.

நம்மூரில் மீன் ஏற்றுமதிக்கான உறைகிடங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் உரிமையாளரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் நூலகம் எத்தனை? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதைக் கண்ட பிறகும் பழைய இதழ்க் கட்டுகளைத் தரையிலேயே அடுக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

விலைமதிப்பற்றவை எங்கே இருக்கின்றன என்று பட்டியலிட்டால் அது திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்பதை நான் ஒப்பமாட்டேன். முத்திரையிட்ட உறையில் ஒரு படியை நிறுவனத் தலைவரிடமும், இன்னொன்றை அப்பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலரிடமும் ஒப்படைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, அந்த நிலையத்தினரை அழைத்து மின்பலகை எங்கே, எந்தக் கதவின் சாவி யாரிடம், எந்த அறையில் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது என்பதைச் சுற்றிக் காட்டலாம். இதற்கு அரைநாள் போதும்.