ஓடவில்லை என்றால் சரக்கு சரியில்லையா?

போன ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் 15 வெள்ளிக்கு ஒரு ரெக்கார்டு வாங்கினேன். விஷ்போன் ஆஷ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘ஆர்கஸ்’, 1972. அட்டை மூலையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. தட்டில் வட்ட வட்டமாகப் பூஞ்சணம். நம்மூர் ஈரத்துக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். பின்னட்டையில் யாரோ நீல மையில் பெயர் எழுதி, அப்புறம் அடித்திருக்கிறார். விற்கும்போது வெட்கப்பட்டாரோ என்னவோ.

பக்கத்தில் கேசட் கிளறிக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்தார். “கேள்விப்பட்டதே இல்லையே. நல்ல சரக்கா இருந்தா அப்பவே ஓடியிருக்கும்லா தம்பி.”

சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இது.

முதலில், ஆர்கஸ் ஓடிய தட்டுதான். இங்கிலாந்து ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. ஆண்டி பவல், டெட் டர்னர் என்று இரண்டு முன்னணி கிட்டார்கள். கோயில் திருவிழாவில் இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பார், திடீரென்று இருவரும் சேர்ந்து ஏறுவார்கள். இதை மறந்தது நாம். தட்டின் மேல் என்ன குற்றம்?

ஓடாத கதை வேண்டுமா? பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழு. அதே 1972-இல் மெம்பிஸிலிருந்து வந்த முதல் ஆல்பத்துக்குப் பெயரே ‘நம்பர் ஒன் ரெக்கார்டு’. விமர்சகர்கள் தூக்கிவைத்து எழுதினார்கள். விநியோகம் சொதப்பியதால் கடைக்குத் தட்டே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அங்கேயே அந்தக் கதி என்றால் பினாங்குக்கு எங்கே வரும்? நான் வைத்திருப்பது மறுபதிப்புதான்.

தி ஜோம்பிஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் நிலைமை இன்னும் மோசம். குழு பிரிந்த பிறகுதான் 1968-இல் ‘ஒடிசி அண்ட் ஆரக்கிள்’ வெளிவந்தது. (அட்டை வரைந்தவர் ‘ஒடிசி’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்தையே தப்பாக எழுதிவிட்டார்.) 1969-இல் அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் 3-ஆம் இடம் பிடித்தபோது மேடையேற ஆளில்லை.

நேற்றிரவு ஆர்கஸை மூன்று தடவை துடைத்தேன். காய்ச்சி வடித்த நீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, பழைய பனியன் துணி. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் ஊசி இன்னும் ‘டிக் டிக்’ என்கிறது. பரவாயில்லை.

உங்கள் அப்பாவின் ஸ்டோர் ரூமில் தட்டுப் பெட்டி ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர் லாரிக்குப் போடுமுன் எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்கள்.