வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி: விலை குறைவாக, ஆனால் மக்கர் செய்யாததாக

நண்பர் ஒருவர் போன வாரம் அழைத்தார். உரிமம் கைக்கு வந்துவிட்டது, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும், பெரிய பட்ஜெட் கிடையாது, எதை வாங்கலாம் என்று கேட்டார். நான் ஒரு மாடல் பெயரைச் சொல்வேன், குறித்துக்கொண்டு வைத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். "எதில் வைத்துப் பூட்டப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

முதல் துப்பாக்கி வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இருக்கிற பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிடுகிறார்கள். பூட்டுப் பெட்டி, காதுக் கவசம், டார்ச், பழகுவதற்கான தோட்டாக்கள், ஒரு நாள் பயிற்சி எல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" ஆகிவிடுகின்றன. அந்த அப்புறம் வருவதே இல்லை. பட்ஜெட்டில் பாதிக்குமேல் துப்பாக்கிக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. அந்தப் பாதியில் நல்லது கிடைக்குமா? கிடைக்கும், அழகை எதிர்பார்க்காமல் இருந்தால்.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர், "பெண்களுக்கு இதுதான் சரி, கைக்கு அடக்கமாக இருக்கும்" என்று உள்ளங்கைக்குள் மறைகிற ஒரு குட்டி பிஸ்டலை விற்றுவிட்டார். பத்துத் தோட்டா சுடுவதற்குள் அக்காவுக்கு மணிக்கட்டு வலி. அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் கைக்கு வரும் உதை அதிகமாகத்தான் இருக்கும். பிடிக்க இடமும் குறைவு. குழல் குட்டையாக இருப்பதால் குறிபார்க்க உதவும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடையே தூரமும் குறைவு, கை சற்று ஆடினாலும் குண்டு எங்கோ போய்விடும். குட்டித் துப்பாக்கி இடுப்பில் மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்கானது. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கப் போவதை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? நடுத்தர அளவோ முழு அளவோ வாங்குங்கள். அக்கா இப்போது வைத்திருப்பது கொஞ்சம் கனமான ஒன்று, என்னைவிட நன்றாகச் சுடுகிறார்.

அடுத்த பழைய பாட்டு: "புதியவரா? ரிவால்வர் வாங்கு, அது மக்கரே செய்யாது." இதில் பாதி உண்மை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) அடியில் தட்டி ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதி) இழுத்துவிட வேண்டும், அதற்குப் பழக்கம் தேவை. மறுபாதியை யாரும் சொல்வதில்லை. குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) முன்கூட்டியே பின்னால் இழுத்து வைக்காமல் சுடும்போது ரிவால்வரின் விசை ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் கேட்கும். துப்பாக்கியின் எடையோ அரை கிலோ, முக்கால் கிலோ. அப்படி இழுக்கும்போது குறி ஆடாமல் இருக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். ஐந்தாறு தோட்டாதான் கொள்ளும் என்பது வேறு. அபூர்வமாகத்தான் சிக்கும், ஆனால் காலி உறைகளை வெளியேற்றும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் வெடிமருந்துத் துகள் புகுந்து உருளை இறுகிவிட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்லைடை இழுக்கக் கையில் வலு இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிடியை முன்னால் தள்ளிப் பாருங்கள். விரல் வலுவைவிடத் தோள் வலு அதிகம். அப்படியும் முடியாதவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெசன் 2018-ல் ஷீல்டு ஈசி என்று இலகுவான ஸ்லைடு கொண்ட பிஸ்டலைக் கொண்டுவந்தது.

தோட்டா விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், 9 மி.மீ. போதும். கியோர்க் லூகர் 1900-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. உலகம் முழுக்கத் தயாராவதால் மலிவு. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்களை இழந்த பிறகு அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பெரிய தோட்டாக்களுக்கு மாறியது. தோட்டாத் தொழில்நுட்பம் வளர்ந்தபின் அவர்களே 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டார்கள். ".22 என்கிற சின்னத் தோட்டா போதுமே, உதையே இருக்காதே" என்பார்கள். பழக நல்லதுதான். ஆனால் அதில் தீப்பற்றும் கலவை உறையின் விளிம்புக்குள் பரவியிருக்கும். அது ஒரே சீராகப் பரவாதபோது வெடிக்காமல் போகும். உயிர் போகும் நேரத்தில் அது வேண்டாம்.

சரி, எந்தத் துப்பாக்கி? என் ஓட்டு செகண்ட் ஹேண்டுக்கு, அதிலும் காவல் துறைகள் மாற்றிக் கொடுக்கும் பழைய சர்வீஸ் பிஸ்டல்களுக்கு. இடுப்பு உறையில் போட்டு எடுத்து வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும். ஆனால் பல காவலர்கள் வருடத்துக்குச் சில முறைதான் சுடுவார்கள் என்பதால் உள்ளே பெரிய தேய்மானம் இருக்காது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17, அதன் தம்பி கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெசனின் எம் அண்ட் பி, இன்னும் கனமானது பிடிக்குமென்றால் செக் நாட்டு சி.இசட். 75. இவற்றுக்கு மேகசினும் ஸ்பிரிங்கும் எளிதில் கிடைக்கும். புதியதுதான் வேண்டும், பணமும் குறைவு என்றால் துருக்கியின் கானிக் பிஸ்டல்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், விசை நன்றாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டு வாங்கினால், ஸ்லைடை மறுபடி முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை முதல் நாளே மாற்றிவிடுங்கள். மேகசினையும் சந்தேகப்படுங்கள். பிஸ்டல் சிக்கினால் பாதி நேரம் குற்றவாளி தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் விளிம்பு வளைந்த மேகசின்தான். இன்னொரு பாதி, சொன்னால் கோபம் வரும், நம் கைதான். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலித் தோட்டா உறை, வெளியேறும் வாசலில் நட்டுக்குத்தாக நிற்கும். துப்பாக்கியைத் திட்டுவோம்.

நம்பகத்தன்மை பெட்டியின் மேல் அச்சிட்டு வருவதல்ல, நீங்கள் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது. சாதாரணப் பயிற்சித் தோட்டா இருநூறு, பெட்டியில் நிரந்தரமாக வைக்கப் போகிற விரிகுண்டு (முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் குண்டு) ஐம்பது, ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடினால்தான் அதை நம்புவேன். எல்லா மேகசின்களையும் இதில் சுழற்றிப் பயன்படுத்த வேண்டும். செலவு வலிக்கும். அதற்காகத்தான் பாதி பணத்தை மிச்சம் வைக்கச் சொன்னேன்.

விரிகுண்டு என்றதும் "அப்போ சுவரைத் தாண்டாது" என்று நிம்மதி அடைய வேண்டாம். ஜிப்சம் பலகைச் சுவரில் அதன் முனைக்குழி அடைபட்டு, விரியாமலே அடுத்த அறைக்குப் போய்விடலாம். குழந்தைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கிறார்கள் என்று துப்பாக்கி வாங்கும் முன்பே வீட்டுக்குள் நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் தனியாக, கையில். துப்பாக்கியில் மாட்டிய விளக்கு மட்டும் இருந்தால், எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதை நோக்கிக் குழலைத் திருப்ப வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாகவும் இருக்கலாம் அது.

பூட்டுப் பெட்டியில் நான் கைரேகையை நம்புவதில்லை, விரல் வியர்த்தால் திறக்காமல் போகலாம். பேட்டரி வேண்டாத, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கிற இயந்திரப் பூட்டு நல்லது. சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லையென்றால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். வீட்டில் குழந்தை இருந்தால் பெட்டிக்குள் இல்லாத ஒரு நிமிடமும் கிடையாது, "இப்போ வந்துடறேன்" உட்பட.

நண்பர் நேற்று மறுபடி அழைத்தார். பெட்டி வாங்கிவிட்டாராம். பயிற்சித் தளத்தில் இரண்டு பிஸ்டல்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார். பழைய சர்வீஸ் பிஸ்டலில்தான் குறி சரியாக விழுந்ததாம், ஆனால் ஸ்லைடு முழுக்கக் கீறல், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இழுத்தார். நடுராத்திரி இருட்டில் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.